முனி கொடுத்த சுருட்டு

என் வீட்டுக்காரர் மேல் முனி இறங்குவதைக் கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே நான் நம்பியதில்லை. வெளியில் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று முணுமுணுக்கிற மனுஷன், ஆடி மாசத்தில் ஒரு நாள் மட்டும் தோட்டத்துக்கே காவல் தெய்வமாகி, கங்காணியை "டேய்" என்று கூப்பிடுவார். கங்காணியும் கைகட்டி நிற்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இவர் வருஷம் பூராவும் தேயிலை ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறார் என்று எனக்குத் தோன்றும். பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "வெந்நி வையி புள்ள, இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்பார். முனிக்கு இடுப்புப் பிடிக்குமா என்று கேட்க வாய் துறுதுறுக்கும். கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் புருஷனைத் திட்டினால் அவளுக்குக் கேட்கும். இரண்டு பேரும் ஒரே மருந்து கேங்கில் வேலை. முதுகில் டாங்கியை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே புல்லுக்கு மருந்தடிப்போம். எனக்கு மேல் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவள், புருஷன் இல்லை, ஒரே மகளை ஈப்போவில் கட்டிக்கொடுத்திருந்தாள். வேலை முடிந்தால் வாசல்படியில் உட்கார்ந்து சுருட்டுக் குடிப்பாள். "உன் புருஷன் ஆடுறப்ப உன் மூஞ்சிய பார்த்தாதான் எனக்குச் சிரிப்பு வரும்" என்று என்னைச் சீண்டுவாள்.

நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கஞ்சா என்றால் தூக்குக் கயிறு என்று ரேடியோவிலும் பாசாரிலும் பேச்சாகிக் கிடந்த காலம். ஆனால் எங்கள் முனிக்குச் சுருட்டு வேண்டும், சுருட்டுக்குள் கஞ்சா வேண்டும். அது என் மாமனார் ஆடிய காலத்திலிருந்து வந்த பழக்கம். முன்னால் எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நாலு செடி வைத்திருந்தார். சட்டம் இறுகியதும் பயந்துபோய் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார். அப்புறம் வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் திரிங்காப் ஊரில் காய்கறி லோரியில் ஏறி இறங்குகிற ஒருத்தன் கொடுப்பான். அவனுக்கு யார் கொடுக்கிறார்கள், எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை கை மாறி வருகிறது என்று யாருக்கும் தெரியாது. போன ஆடிக்கு வாங்கியது வெறும் வைக்கோல் என்று என் வீட்டுக்காரர் வருஷம் பூராவும் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை, "முனிக்கு, நல்லதா குடு" என்று சொல்லி வாங்கி வந்தார்.

படையலுக்கு முந்தின நாள் சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து ஏழு சுருட்டுகளைப் பிரித்து, நடுவில் அதை வைத்துத் திரும்பச் சுற்றினார். நான் குழம்புக்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"பூண்டு நாத்தம் அடிக்குதே" என்றேன்.

"உன் கையை மோந்து பாரு" என்றார்.

முகர்ந்தேன். பூண்டுதான் உரித்துக்கொண்டிருந்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் உச்சிப் படையல். எங்கள் முனி இருப்பது தேயிலைக் காடு முடிந்து பெருங்காடு தொடங்குகிற இடத்தில். ஒரு கல், ஒரு சூலம், மேலே நாலு தகரம். வழக்கமாக அந்த நேரத்தில் வெயில் அடிக்கும். அன்றைக்குப் பனி இறங்கி மேலேயே தங்கிவிட்டது. உறுமிக்காரர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள், சத்தம் மட்டும் வந்தது, ஆளைக் காணோம். ஜனங்கள் முழங்காலுக்குக் கீழே மறைந்துபோய் நின்றார்கள். கோழி அறுத்தார்கள். என் வீட்டுக்காரர் இடுப்பில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு முதல் சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டாவதையும் அடி வரைக்கும் இழுத்தார். பல்லைக் கடித்தார், குதித்தார், கங்காணியை "டேய்" என்றார். எல்லாம் எனக்கு மனப்பாடம். அடுத்து அரிவாளை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு குளிரிலும் உடம்பு முழுக்க வியர்வை கொட்டியது. வாயோரம் எச்சில் வழிந்து மார்பில் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு கன்னத்தில் சதை துடிக்க ஆரம்பித்தது. கன்னம், தோள், வயிறு, தனித்தனியாக, தோலுக்கு அடியில் என்னவோ ஓடுவதுபோல. அந்த மாதிரி எந்த மனுஷனாலும் ஆட்டிக் காட்ட முடியாது. உறுமி தானாக நின்றது. பனிக்குள் ஒரு குழந்தை அழுதது, அதையும் யாரோ வாய் பொத்தினார்கள்.

"கண்ணு தெரியல" என்றார். அது முனியின் அதட்டல் குரல் இல்லை, மெல்லிய குரல்.

"நாங்க என்ன குத்தம் செஞ்சோம் சாமி, கண்ண மூடிக்கிட்ட?" என்று கங்காணி நடுங்கிப்போய்க் கேட்டார்.

"மூச்சு முட்டுது."

ஜனங்கள் தரையில் விழுந்தார்கள். என் வீட்டுக்காரரின் இடது கையில் மீதி ஐந்து சுருட்டுகள் இருந்தன. விரல்கள் துடித்துத் துடித்து ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. முனி கையால் கொடுக்கிற சுருட்டை எங்கள் தோட்டத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள். தீராத வலி, இளைப்பு என்று வரும்போது சாமியைக் கும்பிட்டுவிட்டு அதைக் குடிப்பார்கள். வருஷா வருஷம் ஒன்றோ இரண்டோதான் கொடுப்பார். அன்றைக்கு ஐந்தும் விழுந்தது. ஐந்து பேர் முந்தானையிலும் துண்டிலும் ஏந்திக்கொண்டார்கள்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

அந்தக் கண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் திரிங்காப்பில் முட்டைக்கோசுத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போவேன். அங்கே பூச்சி மருந்தடித்த பெண் ஒருத்தி வரப்பில் விழுந்தாள். இதே வியர்வை, இதே எச்சில், இதே துடிப்பு. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் இமையைத் தூக்கிக் காட்டி, "கண்ணுமணி இப்படிச் சுருங்கிட்டா அது மருந்து விஷம், ஒரு நிமிஷம்கூட நிக்காம இங்க கொண்டுவந்துடணும்" என்று எங்கள் கேங்கையே கூப்பிட்டுச் சொன்னார். எனக்குத் தெரியும். மருந்து வாசனையில் பாதி ஆயுள் கழித்தவள் நான்.

தெரிந்தும் கைகூப்பினேன்.

இதை எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை ஒன்றுதான். பதினான்கு வருஷம் அவர் நடித்ததைப் பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் அவர் நடிக்கவில்லை. நடிக்காததாலேயே அதைச் சாமி என்று நம்பினேன். நம்பாதவள் ஒருத்தி நம்ப ஆரம்பித்தால் மற்றவர்களைவிட மோசமாக நம்புவாள்போல. ஜனங்களை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். நான் பிறந்தது இதே மலையில். ஆனால் பிறந்த சூராட் இல்லை, அதனால் என் ஐ.சி. அட்டை சிவப்பு, குடியுரிமை இல்லாதவள். நீல ஐ.சி.க்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். சிவப்பை வைத்திருந்த என் சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனதைக் கண்ணால் கண்டவள்.

"சாமி, எனக்கு நீல ஐ.சி. கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இந்தா புள்ள" என்றார், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. "என்னைய புடி."

"கால புடிக்கச் சொல்லுது சாமி, விழு" என்றார் கங்காணி.

விழுந்தேன். இரண்டு கையாலும் காலைக் கட்டிக்கொண்டேன். என் கன்னம் அவர் கெண்டைக்காலில் பட்டது. அந்தச் சதை துடித்தது. பூண்டு வாசனை அடித்தது. என் கையில் பூண்டு இல்லை, நான் குளித்துத் தலைமுழுகி வந்திருந்தேன். அந்த நிமிஷம்தான் எனக்குப் புத்தி திரும்பியது. அவர் என் மேலேயே சரிந்தார்.

தூக்குங்கள் என்றால் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. சாமியைத் தொடக்கூடாதாம். கங்காணி என் தோளைப் பிடித்து இழுத்தார். கையைக் கடித்துவிட்டேன். அவருக்குத் தழும்பு இருந்தது, சாகும் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வந்து காலைப் பிடித்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கொழுந்து ஏற்றுகிற லோரியில் போட்டுக்கொண்டு டிரசர் வீட்டுக்குப் போனோம்.

டிரசர் இமையைத் தூக்கினார். "என்ன அடிச்சான்?" என்றார்.

லோரியில் வரும்போதே நான் முடிவு செய்திருந்தேன். "ரெண்டு நாளா திரிங்காப்புல கோசுக்கு மருந்தடிச்சாருங்க ஐயா. சட்டைகூட மாத்தல" என்றேன். ஒரு சொல் தடுமாறவில்லை. அவர் ஊசியை எடுத்தார். கஞ்சா என்று சொல்லியிருந்தால் போலீஸ். சாமி என்று சொல்லியிருந்தால் சாவு. அந்தப் பொய்தான் என் புருஷனைக் காப்பாற்றியது. டவுன் ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். அங்கேயும் அதற்குத்தான் வைத்தியம் பார்த்தார்கள்.

நாலாம் நாள் அவருக்குப் பேச்சுத் தெளிந்தது.

"எனக்கு எதுவும் வரல" என்றார். "எல்லாம் தெரிஞ்சுச்சு. நீங்க பேசுனது எல்லாம் காதுல விழுந்துச்சு. கையி காலுதான் என்னோடது இல்ல. உன்னதான் கூப்பிட்டேன். நீ ஐ.சி. கேட்ட."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேராகத் திரிங்காப்புக்குப் போனேன். லோரிக்காரப் பையன் கோசுக் கூடைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்ன கலந்தாய் என்று கேட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

"நான் கலக்கல அக்கா, வரும்போதே அப்படித்தான் வருது. பழசாயிட்டா ஏறாது லா. பூச்சி மருந்த லேசா அடிச்சு காயப்போட்டா கிறுகிறுன்னு இருக்கும், திருப்பிக் கொண்டாந்து திட்டமாட்டானுங்க. எல்லா எடத்துலயும் இதான்."

"எவ்வளவு அடிக்கிறானுங்க?"

"யாருக்குத் தெரியும்" என்றான். மற்றக் கூடைக்குக் கயிறு எடுக்கப் போய்விட்டான். கோசுக்கு அடிக்கிற அளவாவது டப்பாவில் எழுதியிருக்கும்.

திரும்பி வரும் வழியில்தான் அந்த ஐந்து சுருட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. அது வரைக்கும் வரவே இல்லை. ஒரு வாரமாக ஐந்து வீடுகளில் அவை இருக்கின்றன. லோரியை விட்டு இறங்கி லயத்துக்கு நடந்தேன். பனி வீடுகளை மூடியிருந்தது. சாயந்திர விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வீட்டில் நுழைந்ததும் கண்ணில் பட்டது. சாமிப் படங்களுக்குக் கீழே வெற்றிலை மேல் சுருட்டு, அதற்குக் குங்குமப் பொட்டு, பக்கத்தில் பூ. அந்த வருஷம் முனி மெய்யாகவே வந்தார் என்பதால் அதற்கு அப்படி ஒரு மரியாதை. அடுத்த வீட்டில் தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தை அதைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

கஞ்சாவும் பூச்சி மருந்தும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து வீட்டுக்குத் தெரிந்தால் ஐம்பது வீட்டுக்குத் தெரியும், ஆபீஸ் கிராணிக்குத் தெரியும், பிறகு போலீஸ்காரன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விலங்கு மாட்டுவான். அதனால் இன்னொரு பொய் சொன்னேன். முனி என் கனவில் வந்து, தான் கொடுத்ததைத் திரும்பத் தன்னிடம் கொண்டுவரச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னேன். முனியை நம்பாத நான் முனி பேரில் சொன்னேன். நாலு வீட்டில் கும்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆற்றோரம் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஐந்தாவது, பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. அன்றைக்கு முந்தானையில் ஏந்திய ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. கடைசியில் போகலாம் என்று வைத்திருந்தேன், நம்ம ஆள்தானே என்று. அவள் வாசல்படியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கனவுக் கதையை அவளிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உன் கனவுல முனியா? போடி."

"மெய்யாதான் அக்கா."

"அத நான் குடிச்சிட்டேன் புள்ள. அன்னைக்கே."

"ஒண்ணும் செய்யலையா?"

"முட்டி வலி கொஞ்சம் தேவல" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தைலத்தை மூடினாள்.

பொய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் எல்லோரிடமும் அந்தப் பொய் செல்லுபடியாகும், அவளிடம் ஆகாது. நான் முனியை எப்படிக் கிண்டல் செய்வேன் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நம்பாதவள் இவ்வளவு பாடுபட்டுத் திரும்பக் கேட்கிறாள் என்றால் அதில் என்னவோ இருக்கிறது, புருஷனுக்குக் கொடுத்துக் குணமாக்கப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பாள். அவளும் அன்றைக்கு அந்தத் துடிப்பைப் பார்த்தவள்தானே. என்னைப் போலவே நம்ப ஆரம்பித்திருக்கிறாள். "அக்கா, அதில் பூச்சி மருந்து இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அடுப்பில் போடப் போயிருப்பாள், நான் புகையும் விஷம், புதை என்றிருப்பேன். அவளுக்கும் டிரசர் அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரே கேங்.

நான் சொல்லவில்லை. அவள் குடித்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் முட்டி வலி என்று அவள் வேலைக்கு வரவில்லை. மழை வந்ததால் எங்கள் கேங்கை இரண்டு மணிக்கே விட்டுவிட்டார்கள். என் வீட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை, அவர் இன்னும் ஆஸ்பத்திரியில். ஆனால் வீடு முழுக்கப் புகை. பலகைச் சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக இறங்கி, என் பாயின் மேல், என் பாத்திரங்களின் மேல் நின்றுகொண்டிருந்தது. பூண்டு வாசனை.

அவள் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மருந்து டாங்கியின் இரும்புக் குழாயால் இடித்துத் திறந்தேன். டிரசரைக் கூப்பிட ஆள் ஓடியது. அவர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார். என்னையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்கவில்லை. "வயசானவ, நெஞ்சு" என்று மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

லயத்தில் அதையும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. முனி தன் சுருட்டைத் திரும்பக் கேட்டார், இவள் ஒளித்துவைத்தாள், வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அந்தக் கதைக்கு முதல் வரி எழுதிக் கொடுத்தவள் நான்தான். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

காரியத்தன்று அவள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரரை அப்போதுதான் ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள், கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை, நாற்காலியில் இருந்தார். அந்தப் பிள்ளை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தார், கால் நகரவில்லை.

"அம்மா சாமிக்குக் குத்தம் செஞ்சிருந்தா நீங்கதான் மன்னிக்கணும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்றுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரையைப் போட்டேன், ஆற்றினேன், அந்தப் பிள்ளை கையில் கொடுத்தேன்.

"நீங்கதானே அக்கா முதல்ல பார்த்தீங்க. அம்மா கஷ்டப்பட்டுச்சா?"

"இல்லம்மா" என்றேன். "தூங்குற மாதிரிதான் இருந்துச்சு."

அவள் கட்டிலில் கிடக்கவில்லை. கதவுப் பக்கமும் போகவில்லை. எங்கள் வீட்டுப் பலகைச் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள், வலது கை மடங்கி, விரல் மூட்டுகளில் தோல் உரிந்திருந்தது. வெகு நேரம் தட்டியிருக்கிறாள். நான் மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன்.